இடித்துரைக்கும் அன்பு: மக்கள் அமைப்புகளில் ஒருவருக்கொருவர் பொறுப்புக்கூறும் நெறி

வினாவும் அதற்குரிய சொற்களும்

அநீதியை எதிர்ப்பதற்காகத் திரண்ட மக்கள், தம்முள் ஒருவரே பிறருக்குத் தீங்கு இழைக்கும்போது அவரை என்ன செய்வது என்னும் வினா மிகப் பழையது. அரசின் கையில் நீதிமன்றமும் சிறையும் உள்ளன. ஆலை முதலாளியின் கையில் வேலைநீக்க உத்தரவு உள்ளது. ஆனால் கூலி உயர்வுக்காகச் சேர்ந்த பண்ணைத் தொழிலாளர் சங்கமோ, நிறப் பாகுபாட்டை எதிர்க்கும் இளைஞர் குழுவோ, உடைமை துறந்து ஒன்றாக வாழும் துறவியர் கூட்டமோ, உறுப்பினர்களின் விருப்பம் ஒன்றையே கட்டாகக் கொண்டு இயங்குவதால், தவறியவரைக் கண்டும் காணாமல் விடுவது, வெளியேற்றிவிடுவது என்னும் இரண்டு வழிகளே அவற்றுக்கு எளிதில் கைக்கு எட்டுகின்றன. முதல் வழியில் தீங்கு தொடர்கிறது. இரண்டாம் வழியில் அது பெரும்பாலும் வேறோர் இடத்துக்குப் பெயர்கிறது. இவ்விரண்டையும் விடுத்து, தவறியவரைக் கூட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு, தவற்றை அவர் முகத்துக்கு நேரே சொல்லி, அதைத் திருத்தும் சுமையில் தாமும் பங்கேற்பது என்னும் மூன்றாம் வழியை ஓர் ஆன்மிகப் பயிற்சியாகவே வளர்த்தெடுத்த மரபுகள் உண்டு. அவற்றுள் முதன்மையான சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை தோன்றிய சூழலையும் அவற்றின் குறைபாடுகளையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

பொறுப்புக்கூறல் என்னும் சொல், 2009க்குப் பிந்தைய மனித உரிமை விவாதங்களின் வழியாக இலங்கைத் தமிழில் வேரூன்றியிருக்கிறது; தமிழகத்தில் பொறுப்புடைமை என்றும் பதில் சொல்லும் கடமை என்றும் வழங்குகிறார்கள். இச்சொற்களின் வேரான ‘பொறு’ என்பது சுமத்தல், தாங்குதல், மன்னித்தல் ஆகிய மூன்றையும் குறிக்கும் வினை. பொறுப்பும் பொறுமையும் பொறுத்தருளலும் அதிலிருந்தே பிறக்கின்றன. இம்மூன்றையும் பிரிக்காமல் ஒரே செயலாகக் கடைப்பிடிப்பதுதான் இங்குப் பேசப்படும் நெறி. தவற்றை எடுத்துச் சொல்வதைக் குறிக்க ‘இடித்துரைத்தல்’ என்னும் பழஞ்சொல் தமிழில் இருக்கிறது. திருக்குறள் இதனை இரண்டு இடங்களில் வைத்துப் பேசுகிறது. நண்பன் வரம்பு மீறும்போது முன்சென்று இடிப்பதே நட்பின் பயன் என்பது ஓரிடம். தன்னை இடித்துரைப்பார் இல்லாத மன்னன், கெடுப்பார் யாரும் இல்லாமலே கெடுவான் என்பது மற்றோரிடம். ஒன்றில் இடித்துரை சமமானவர்களுக்கிடையே செல்கிறது, மற்றொன்றில் கீழிருந்து மேலே செல்கிறது. இந்தத் திசை வேறுபாடு, பின்வரும் எல்லா மரபுகளையும் எடைபோடுவதற்கு உதவும்.

பவாரணை: கேட்டுப் பெறும் குற்றச்சாட்டு

பௌத்த சங்கத்தின் விநயத் தொகுப்பில், அதாவது துறவியரின் ஒழுக்க விதிகள் அடங்கிய நூற்பகுதியில், மகாவக்கம் ஒரு நிகழ்ச்சியை விவரிக்கிறது. கோசல நாட்டில் மழைக்காலத்தை ஒன்றாகக் கழித்த பிக்குகள் சிலர், தமக்குள் சச்சரவு வரக்கூடாது என்பதற்காக மூன்று மாதங்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமலே இருந்து, சைகைகளால் வேலைகளைப் பகிர்ந்துகொண்டு, அமைதியாக வாழ்ந்ததாகப் புத்தரிடம் பெருமையுடன் தெரிவித்தனர். அவர்களைப் புத்தர் பாராட்டவில்லை. விலங்குகள் சேர்ந்து வாழ்வதைப் போல வாழ்ந்துவிட்டு அதனை நல்வாழ்வு என்கிறார்களே என்று கண்டித்து, மழைக்காலத்தின் முடிவில் ஒவ்வொரு பிக்குவும் பவாரணை செய்ய வேண்டும் என்று விதித்தார். பவாரணை என்றால் அழைப்பு. தம்மிடம் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றம் ஏதேனும் இருந்தால் இரக்கம் கொண்டு சொல்லும்படி ஒருவர் சங்கத்தைக் கைகூப்பி மும்முறை வேண்டிக்கொள்வதே அந்தச் சடங்கு.

இதில் இரண்டு நுட்பங்கள் கவனத்துக்குரியவை. குற்றம் சாட்டுபவர் முதலில் எழுவதில்லை. கேட்க விரும்புபவரே முதலில் எழுகிறார். அதனால் இடித்துரை ஒரு தாக்குதலாக வந்து சேராமல், கேட்டுப் பெற்ற கொடையாக வந்து சேர வாய்ப்பு உண்டாகிறது. அடுத்து, அழைப்பை விடுக்கும் வரிசை மூத்த பிக்குவிடமிருந்து தொடங்குகிறது. சம்யுத்த நிகாயத்தில் வரும் பவாரணைச் சூத்திரம் இதனை மேலும் ஒரு படி உயர்த்தி, புத்தரே சபையை நோக்கித் தம் செயலிலோ சொல்லிலோ குறை உண்டா என்று கேட்டதாகக் கூறுகிறது. குறை ஏதுமில்லை என்று சாரிபுத்தர் விடையளிப்பதால் அது வெறும் பக்திக் காட்சியே என்று வாதிட இடமுண்டு. ஆயினும் கேள்விக்கு உட்படாத தலைமை என ஒன்று சங்கத்தில் இல்லை என்னும் கொள்கை அங்கே வடிவம் பெற்றுவிடுகிறது. குற்றம் சொல்பவருக்கும் ஐந்து கட்டுப்பாடுகள் உண்டு: தக்க காலத்தில், உண்மையை, மென்மையாக, பயன் கருதி, அன்புள்ளத்தோடு சொல்ல வேண்டும்.

இந்த நெறியின் குறைபாடுகளையும் அதே விநய நூல்களே மறைக்காமல் பதிவு செய்துள்ளன. கௌசாம்பியில் சிறு விதிமீறல் ஒன்றைப் பற்றிய வழக்கு சங்கத்தையே இரண்டாகப் பிளந்தபோது, புத்தரின் அறிவுரையும் பயனளிக்காமல் போய், அவர் அவ்விடத்தை விட்டே நீங்கினார். இறுதியில் பிக்குகளை வழிக்குக் கொண்டுவந்தது, வணக்கமும் உணவும் தர மறுத்த ஊர்மக்களின் உறுதி. உள்ளிருந்து திருத்திக்கொள்ளும் ஏற்பாடு தோற்கும்போது வெளியிலிருக்கும் மக்களின் அழுத்தம் தேவைப்படுகிறது என்பதற்கு இது ஒரு மிகப் பழைய சான்று. இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. பிக்குணிகளுக்கு விதிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் எட்டுப் பெருவிதிகளின்படி, பிக்குணிகள் தம் குற்றங்களை இரு சங்கங்களின் முன்னும் கேட்க வேண்டும்; பிக்கு பிக்குணிக்கு அறிவுரை சொல்லலாம், பிக்குணி பிக்குவுக்குச் சொல்லக்கூடாது. இவ்விதிகள் பிற்காலச் சேர்க்கை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. எப்போது சேர்ந்தவையாயினும், சமமானவர்களுக்கிடையே தோன்றிய ஒரு நெறி பாலினத்தின் எல்லையில் ஒருவழிப் பாதையாக மாறியது என்பதில் ஐயமில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபைச் சமூகப் பணிக்குள் கொண்டுவந்தவர்களில் வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் முதன்மையானவர். போர்க்காலத்தில் கிராமங்களை மீளக் கட்டுவதற்கு இளைஞர்களைப் பயிற்றுவித்ததோடு, 1966இல் ஒரு புதிய துறவு–இல்லறச் சங்கத்தையும் அவர் நிறுவினார். பிரான்சில் 1982இல் அவர் தொடங்கிய பிளம் வில்லேஜ் சமூகத்தில் ‘புதிதாகத் தொடங்குதல்’ என்னும் பயிற்சி நடைபெறுகிறது: பிறர் நற்பண்புகளைப் பாராட்டுதல், தன் பிழைக்கு வருந்துதல், தனக்கு நேர்ந்த மனக்காயத்தைச் சொல்லுதல், உதவி கேட்டல் என்று அது படிப்படியாகச் செல்கிறது.

அடிமைமுறையும் குவேக்கர்களும்: மென்மையா, அதிர்ச்சியா

இந்நெறியைப் பற்றிய எந்த ஆய்வும், நண்பர்கள் சங்கம் எனப்படும் குவேக்கர்களின் வரலாற்றில் நெடுநேரம் நின்றே ஆக வேண்டும். போதகர்கள் இல்லாமல், அமைதியில் கூடி அமர்ந்து, உள்ளொளி தூண்டுபவர் எழுந்து பேசும் வழிபாடு கொண்ட இக்கிறித்தவக் குழுவினர், மாதாந்திரக் கூட்டங்களின் வழியாக ஒருவர் வாழ்க்கையை ஒருவர் கண்காணித்து வந்தனர். அதே குவேக்கர்களில் பலர் பென்சில்வேனியாவிலும் நியூஜெர்சியிலும் அடிமைகளை வைத்திருந்தனர். 1688இல் ஜெர்மன்டவுனைச் சேர்ந்த நால்வர் இதனை எதிர்த்து விண்ணப்பம் எழுதினர். அது மாதக் கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்கும் அங்கிருந்து ஆண்டுக் கூட்டத்துக்கும் அனுப்பப்பட்டு, முடிவு ஏதும் இல்லாமல் கிடப்பில் போடப்பட்டது.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து இரண்டு வேறுபட்ட மனிதர்கள் இந்தப் பணியைக் கையில் எடுத்தனர். நான்கு அடிக்குச் சற்று அதிகமான உயரமும் கூன்முதுகும் உடைய பெஞ்சமின் லே, அடிமை உழைப்பால் விளைந்த எதையும் உண்ணாமலும் உடுத்தாமலும், அபிங்டன் அருகே ஒரு குகைவீட்டில் வாழ்ந்தவர். அடிமை வைத்திருக்கும் குவேக்கர்களை விசுவாசத் துரோகிகள் என்று சாடும் அவருடைய நூலை 1737இல் அச்சிட்டவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1738இல் பர்லிங்டன் ஆண்டுக் கூட்டத்துக்கு மேலங்கியின் உள்ளே படைவீரர் உடையும் வாளும் அணிந்து வந்த லே, சிவந்த பழச்சாறு நிறைத்த பை ஒன்றை உள்ளே மறைத்து வைத்த புத்தகத்தை வாளால் குத்தி, அடிமை உடைமையாளர்கள் மீது அந்தச் ‘செங்குருதி’யைத் தெறிக்கவிட்டார். அவரைத் தூக்கி வெளியேற்றினர். அவருடைய உறுப்பினர் தகுதியும் பறிக்கப்பட்டது.

மற்றவர் ஜான் உல்மன். நியூஜெர்சியில் 1720இல் பிறந்து, தையலும் சிறு வணிகமும் செய்து வாழ்ந்தவர். இளமையில் முதலாளியின் கட்டளைப்படி ஓர் அடிமைப் பெண்ணின் விற்பனைச் சீட்டை எழுதிக் கொடுத்தது அவர் மனச்சான்றை உறுத்தியது. அதன்பின் அடிமைகளை வாரிசுகளுக்கு எழுதிவைக்கும் உயில்களை எழுத மறுத்ததோடு, தெற்கத்தியக் குடியேற்றப் பகுதிகளுக்குப் பயணம் செய்து அடிமை வைத்திருந்த குவேக்கர்களின் வீடுகளிலேயே தங்கி, அவர்களோடு தனித்து அமர்ந்து பேசினார். தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்கு உரிய கூலியைத் தாமே கொடுத்தார் அல்லது கொடுக்கச் செய்தார். விருந்தோம்புபவரின் முகத்துக்கு நேரே ஒரு சுடுசொல்லும் இல்லாமல் அவருடைய வாழ்க்கையின் அடித்தளத்தைக் கேள்விக்குள்ளாக்கும் செயல் அது. 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை வாங்குவோரையும் விற்போரையும் சபை அலுவல்களிலிருந்து விலக்கி, அடிமை வைத்திருப்போரை வீடுவீடாகச் சென்று கண்டு பேசுவதற்கு உல்மன் உள்ளிட்ட ஒரு குழுவை அமர்த்தியது. 1776இல் அடிமை வைத்திருப்பவர் குவேக்கராகத் தொடர முடியாது என்ற நிலை வந்தது. உல்மன் அதற்கு நான்காண்டு முன்பே இங்கிலாந்தின் யார்க் நகரில் அம்மை நோயால் இறந்துவிட்டார்.

இவ்வெற்றி யாருடையது என்பதில் வரலாற்றாய்வாளர்கள் ஒன்றுபடவில்லை. உல்மனின் மென்மையான, தளராத வீட்டு வருகைகளே உள்ளங்களை மாற்றின என்பது குவேக்கர் மரபு நெடுங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம். மார்கஸ் ரெடிக்கர் 2017இல் வெளியிட்ட லேயின் வாழ்க்கை வரலாறு, அடிமைமுறையை இனியும் மௌனமாகக் கடந்து செல்ல முடியாத ஒன்றாக்கியவர் லேதான் என்று காட்ட முயல்கிறது. ஜீன் சோடர்லண்ட் 1985இல் எழுதிய ஆய்வோ, ஒவ்வொரு வட்டாரக் கூட்டத்தின் பொருளியல் நலன்களும் சீர்திருத்தத்தின் வேகத்தைத் தீர்மானித்ததைச் சுட்டுகிறது. மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று முற்றாக விலக்குவனவாகத் தோன்றவில்லை. ஒருவர் கதவைத் தட்டி உடைக்கப் பார்த்ததால்தான் மற்றவர் தட்டிய மெல்லிய ஓசைக்குக் கதவு திறந்தது எனக் கருதுவதற்கு இடமிருக்கிறது. ஆனால் அதனை உறுதியாக நிறுவப் போதிய சான்று இல்லை.

இந்த வரலாறு இரக்கத்தின் விலையைப் பற்றியும் ஒரு கேள்வியை எழுப்புகிறது. 1688க்கும் 1776க்கும் இடையே 88 ஆண்டுகள் உருண்டன. உடைமையாளரின் மனம் கனிவதற்குச் சபை பொறுமையுடன் காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும், அடிமைகளாயிருந்த ஆப்பிரிக்கர்களுக்கு மேலும் ஓர் ஆண்டுக் கட்டாய உழைப்பாகவே கழிந்தது. அந்தப் பொறுமைக்கு அவர்களுடைய ஒப்புதலை யாரும் கேட்கவில்லை, அவர்கள் அந்த அறைக்குள் இருக்கவும் இல்லை. விடுதலைக்குப் பிறகும் குவேக்கர் கூட்டங்களில் கறுப்பின மக்களுக்குத் தனி இருக்கை ஒதுக்கப்பட்டதைப் பிலடெல்பியாவின் ஆசிரியை சாரா மேப்ஸ் டக்ளஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேதனையுடன் எழுத நேர்ந்தது. குவேக்கர்களின் பொறுப்புக்கூறல் வெள்ளையர்களுக்கிடையே மெய்யாகவே பரஸ்பரமானது. தீங்குக்கு ஆளானவர்களை நோக்கி அது பரஸ்பரமாகவில்லை.

தன்மேல் ஏற்றுக்கொள்ளும் தண்டனை

பிறர் தவற்றுக்குத் தன்னையே வருத்திக்கொள்வது மூன்றாவது நிலைப்பாடு. தென்னாப்பிரிக்காவின் பீனிக்ஸ் குடியிருப்பில் இருவரின் ஒழுக்கத் தவற்றைக் கேள்வியுற்ற காந்தி, காப்பாளனுக்கும் அதில் பங்குண்டு என்று முடிவு செய்து, ஏழு நாள் உண்ணாநோன்பும் அதன்பின் நான்கரை மாதங்கள் ஒருவேளை உணவும் மேற்கொண்டதைத் தம் சுயசரிதையில் விளக்குகிறார். 1922இல் சௌரி சௌராவில் கூட்டத்தினர் காவல்நிலையத்தைத் தீயிட்டுக் காவலர்களைக் கொன்றபோது, ஒத்துழையாமை இயக்கத்தையே நிறுத்திவிட்டு ஐந்து நாள் நோன்பிருந்தார். இயக்கத்தில் ஒருவர் செய்ததற்கு இயக்கம் முழுவதும், குறிப்பாகத் தலைமை, பதில் சொல்ல வேண்டும் என்னும் கோட்பாடு இங்கே உடல்வழியாக எழுதப்படுகிறது. அன்பு கொண்டவரை நோக்கி மட்டுமே நோன்பிருக்கலாம், கொடுங்கோலரை நோக்கி இருக்கலாகாது என்ற வரம்பையும் அவர் வகுத்துக்கொண்டார்.

வரம்பைக் காப்பது எளிதாயில்லை. 1918இல் அகமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் உறுதி தளர்ந்தபோது அவர்களைத் தாங்குவதற்காகத் தொடங்கிய மூன்று நாள் நோன்பு, ஆலை உரிமையாளர்கள்மீது அழுத்தமாகவும் விழுந்ததைக் காந்தியே குறையென ஒப்புக்கொண்டார். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் தாழ்த்தப்பட்டோருக்கான தனித் தொகுதிகளை எதிர்த்து அவர் இருந்த நோன்பு, அம்பேத்கருக்கு அன்பின் வெளிப்பாடாகத் தெரியவில்லை. ஓர் உயிரின் சுமையை முழுவதுமாகத் தம் தலைமேல் ஏற்றி, ஒடுக்கப்பட்டவர்களின் உரிமையைக் கைவிடச் செய்த நிர்ப்பந்தமாகவே அவர் அதைப் பின்னாளில் எழுதினார். இந்தக் கண்டனத்துக்கு நிறைவான மறுமொழி இதுவரை யாராலும் தரப்பட்டதாகச் சொல்ல முடியாது. தன்னை வருத்திக்கொள்பவர் செல்வாக்கு மிக்கவராக இருக்கும்போது, அவருடைய நோன்புக்கு எதிரே நின்று ‘இல்லை’ என்று சொல்லும் உரிமை எளியவரிடமிருந்து நழுவிவிடுகிறது.

கலிபோர்னியாவில் ஐக்கியப் பண்ணைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய செசார் சாவேஸ் காந்தியிடமிருந்து இம்முறையைக் கற்றவர். 1965இல் தொடங்கிய திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தம் மூன்றாம் ஆண்டை எட்டிச் சோர்வு மிகுந்து, தொழிலாளர்களிடையே வன்முறைப் பேச்சு எழுந்தபோது, 1968இல் அவர் 25 நாள் நோன்பிருந்தார். அந்த நோன்பின் இலக்கு தோட்ட முதலாளிகளல்லர். தம் சொந்தச் சங்கத்தின் உள்ளமே. டெலானோவில் நோன்பிடத்துக்குத் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வந்து கூடின. நாள்தோறும் திருப்பலி நடந்தது. சங்கத்திலிருந்த சமயச் சார்பற்ற தொண்டர்கள் சிலருக்கு இந்தப் பக்திச் சூழல் உடன்பாடாயில்லை. ஆயினும் ஒருவரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டாமலே ஒரு பெரும் அமைப்பைத் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளச் செய்த நிகழ்வாக அது நிற்கிறது. இதே சங்கம் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் எதிர்த்திசையில் சென்றதைக் கீழே காணலாம்.

அன்பு தேவையில்லை என்னும் வாதம்

மக்களைத் திரட்டி அமைப்பாக்கும் பணியை ஒரு தொழில்நுட்பமாகவே வகுத்த சிகாகோவின் சால் அலின்ஸ்கியும், அவர் 1940இல் தொடங்கிய தொழிற்பகுதி அறக்கட்டளை அமைப்பும் வேறொரு நிலைப்பாட்டை எடுத்தனர். பொது வாழ்வு வேறு, தனி வாழ்வு வேறு. பொது வாழ்வில் ஒருவரை ஒருவர் விரும்ப வேண்டியதில்லை, கொடுத்த வாக்குக்குப் பதில் சொல்ல வைத்தால் போதும் என்று அந்த மரபு பயிற்றுவித்தது. ஒவ்வொரு போராட்டமும் முடிந்த கையோடு பங்கேற்றவர்கள் கூடி, யார் சொன்னதைச் செய்தார், யார் செய்யவில்லை என்று மதிப்பிடும் வழக்கம் இதன் பயனுள்ள பங்களிப்பு. இதற்கு நேரெதிரே, 1963இல் பர்மிங்ஹாம் போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் சேர்ந்த தொண்டர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி அட்டை, நாள்தோறும் தியானமும் பிரார்த்தனையும் செய்வதை ஒரு கடமையாகவே கேட்டது. அலின்ஸ்கி மரபின் வலிமை அதன் தெளிவு. ஆனால் தவறியவர் ஏன் திரும்பி வர வேண்டும், அவரை ஏன் திரும்ப ஏற்க வேண்டும் என்ற கேள்விக்கு நலன்களின் கணக்கு ஒன்றே விடையாக முடியுமா என்பது ஐயத்துக்குரியது.

இடித்துரை ஆயுதமாகும்போது

தமிழகத்தின் இடதுசாரி இயக்கங்களில் பழகியவர்களுக்கு ‘விமர்சனம், சுயவிமர்சனம்’ என்னும் இணைச்சொல் நன்கு தெரியும். அதன் சீன வடிவத்துக்கு ஒரு கிட்டத்தட்ட ஆன்மிகமான விளக்கம் தந்தவர் லியூ ஷாவோசி. 1939இல் யானானில் அவர் ஆற்றிய விரிவுரைகள், கன்பூசியஸ் மரபின் தன்னொழுக்கப் பயிற்சியைக் கட்சி உறுப்பினரின் கடமையாக்கின. அதே நாட்டில் கலாசாரப் புரட்சியின்போது அவரே விமர்சனக் கூட்டங்களில் இழிவுபடுத்தப்பட்டு, காவலில் வைக்கப்பட்டு, மருத்துவம் மறுக்கப்பட்ட நிலையில் 1969இல் இறந்தார். 1980இல்தான் அவர் பெயர் மீட்கப்பட்டது. பவாரணையில் குற்றம் கேட்பவர் தாமே முன்வருகிறார். இங்கோ ஒப்புதல் பிழிந்தெடுக்கப்படுகிறது.

சாவேஸின் சங்கத்தில் நடந்தது இன்னும் வருந்தத்தக்கது, ஏனெனில் அங்கே அரச பலம் ஏதும் இல்லை. போதை மீட்பு இல்லமாக 1958இல் தோன்றிப் பின்னர் ஒரு மூடுண்ட வழிபாட்டுக் குழுவாக மாறிய சினானான், ‘விளையாட்டு’ என்ற பெயரில் ஒரு வழக்கத்தைக் கொண்டிருந்தது: வட்டமாக அமர்ந்து, ஒருவரை நடுவில் இழுத்து, அவருடைய குறைகளை எல்லோரும் கூச்சலிட்டுக் குத்திக்காட்டுவர், வட்டத்தை விட்டு எழுந்ததும் அனைவரும் நண்பர்கள். அதன் தலைவர் சார்லஸ் டெடரிக்கின் நட்பால் ஈர்க்கப்பட்ட சாவேஸ், 1977இல் சங்கத் தலைமையகமான லா பாஸில் இவ்விளையாட்டைப் புகுத்தினார். அவ்வாண்டு ஏப்ரலில் தொண்டர்கள் பலர் சதிகாரர்கள் எனக் குற்றம் சாட்டப்பட்டு ஒரே கூட்டத்தில் வெளியேற்றப்பட்டனர். பிலிப்பினோ தொழிலாளர்களின் மூத்த தலைவர் பிலிப் வெரா குரூஸ் அதே ஆண்டு விலகினார்; சர்வாதிகாரி மார்கோஸின் ஆட்சியிலிருந்த பிலிப்பைன்சுக்குச் சாவேஸ் சென்றதை அவரால் ஏற்க முடியவில்லை, சங்கத்துக்குள் சாவேஸை விமர்சிக்க இடமில்லை என்பதையும் அவர் பின்னாளில் சொன்னார். 1968இல் தலைவர் சுமையைத் தன்மேல் ஏற்றார், 1977இல் அதைத் தொண்டர்கள்மேல் இறக்கினார். சங்கத்தின் ஆன்மிக மொழி இரண்டு காலங்களிலும் ஏறத்தாழ ஒன்றே.

தலைவர் என யாரும் இல்லாத குழுக்களும் தப்பவில்லை. அமெரிக்கப் பெண்ணிய இயக்கத்தில், கட்டமைப்பை மறுத்த சிறு குழுக்களில் கண்ணுக்குத் தெரியாத அதிகாரம் குவிவதை 1970களின் தொடக்கத்தில் விவரித்த ஜோ ஃப்ரீமன், 1976இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், விமர்சனம் என்ற போர்வையில் ஒருவரின் ஆளுமையையே சிதைத்து ஒதுக்கும் வழக்கத்தைப் பதிவு செய்தார். ஒருவர் செய்த செயலைக் கேள்வி கேட்பதும், அவர் யார் என்பதையே மறுப்பதும் வேறு வேறானவை என்று அவர் காட்டிய வேறுபாடு இன்றும் பயன்படுகிறது.

தீங்குக்கு ஆளானவர் நிற்கும் இடம்

மேற்கண்ட மரபுகள் அனைத்தும் பெரும்பாலும் தவறியவரையும் சமூகத்தையும் மையமாகக் கொண்டே பேசின. தீங்குக்கு ஆளானவரிடமிருந்து வினாவைத் தொடங்குவது அண்மைக் காலத் திருப்பம். அதன் தேவையை மிகக் கசப்பாக உணர்த்திய நிகழ்வு மெனோனைட் என்னும் கிறித்தவச் சபையில் நடந்தது. மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் வகுத்த மூன்று படிகளை, அதாவது முதலில் தனித்துச் சந்தித்தல், பின் ஓரிரு சாட்சிகளோடு, இறுதியில் சபையின் முன் என்னும் ஒழுங்கை, கிறித்தவச் சமூக வாழ்வின் இதயமாக விளக்கியவர் இறையியலாளர் ஜான் ஹோவர்ட் யோடர். அவரே பல ஆண்டுகள் பெண்களைப் பாலியல் துன்புறுத்தலுக்கு உள்ளாக்கினார்; பாதிக்கப்பட்டோர் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் என்று வரலாற்றாய்வாளர் ரேச்சல் வால்ட்னர் கூசன் 2015இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. தம்மீது குறை கூறும் பெண்கள் முதலில் தம்மை நேரில் சந்திக்க வேண்டும் என்று யோடர் அந்த வேத அதிகாரத்தையே கேடயமாக்கினார். அவர் பணியாற்றிய செமினரி அவரை உள்ளுக்குள் திருத்திவிடலாம் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் இரகசியம் காத்தது. சமமானவர்களுக்கு எழுதப்பட்ட நெறியை ஆசிரியருக்கும் மாணவிக்கும் இடையே பொருத்தினால் அது இரையை வேட்டைக்காரரிடம் திரும்ப அனுப்புவதாகிவிடும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

மாற்றம் நோக்கிய நீதி என்று அழைக்கப்படும் போக்கு இந்தப் புள்ளியிலிருந்து பேசுகிறது. வன்முறைக்கு எதிரான கறுப்பின, பழங்குடி, புலம்பெயர் பெண்களின் அமைப்பாக 2000இல் உருவான ‘இன்சைட்’, சிறை எதிர்ப்பு இயக்கமான ‘கிரிட்டிக்கல் ரெசிஸ்டன்ஸ்’ உடன் 2001இல் வெளியிட்ட கூட்டறிக்கை, இரு பக்கத்தையும் நோக்கிக் குறை சொன்னது: காவல்துறையை நம்பிய பெண்கள் இயக்கம் ஏழைச் சமூகங்களைச் சிறைக்குத் தள்ளியது, சிறையை எதிர்த்த இயக்கமோ அடிபட்ட பெண்ணின் பாதுகாப்புக்கு வழி சொல்லவில்லை. இதன் வழிவந்த மியா மிங்கஸ், சமூகம் என்ற பெருஞ்சொல் நெருக்கடியில் கைகொடுப்பதில்லை என்பதைக் கண்டு, தீங்கு நேர்ந்தாலோ தீங்கு செய்ய நேர்ந்தாலோ ஒருவர் உண்மையில் நாடக்கூடிய சிலரின் பெயரை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளும் முறையைப் பரப்பினார். பொறுப்பேற்றலைத் தன்னாய்வு, மன்னிப்புக் கேட்டல், சேதத்தைச் சரிசெய்தல், நடத்தையை மாற்றிக்கொள்ளல் என நான்காகவும் அவர் பகுக்கிறார். பொதுவெளியில் அம்பலப்படுத்துவதற்கு மாற்றாக, தவறியவரை உரையாடலுக்குள் அழைக்கும் வழக்கத்தை லொரெட்டா ராஸ் வலியுறுத்தி வருகிறார். இப்போக்கின் பலவீனம் அதன் நடைமுறையில் இருக்கிறது: ஒரே வழக்கு மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் தன்னார்வலரின் உழைப்பை விழுங்குகிறது, தவறியவர் எழுந்து போய்விட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

தெளிந்தவையும் தெளியாதவையும்

இம்மரபுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, இரக்கம் மிகுந்ததால் ஒரு நெறி வென்றது, குறைந்ததால் தோற்றது என்று சொல்வதற்குச் சான்று போதாது. சினானான் வட்டத்தில் அமர்ந்தவர்களும் அன்பின் பெயராலேயே கத்தினார்கள். யோடரைக் காத்த செமினரியும் இரக்கத்தின் மொழியையே பேசியது. இடித்துரை எத்திசையில் செல்லக்கூடும் என்பதே மேலும் நம்பகமான அளவுகோலாகத் தோன்றுகிறது. மூத்தவர் முதலில் கேட்கும் பவாரணையிலும், விருந்தளித்த செல்வரின் வீட்டிலேயே உல்மன் செய்த உரையாடலிலும் அது மேல்நோக்கிச் சென்றது. பிக்குணிகளின் விதியிலும் லா பாஸிலும் அது கீழ்நோக்கி மட்டுமே பாய்ந்தது.

தெளியாதவை சில உள்ளன. தவறியவர் திருந்துவதற்கு ஆகும் காலத்துக்கான விலையைத் தீங்குக்கு ஆளானவர் கொடுக்காமலிருக்கும் ஏற்பாடு எது என்பதற்கு எந்த மரபும் முழுமையான விடை தரவில்லை. இடைக்காலப் பாதுகாப்பும் பிரிந்திருத்தலும் சிறிதளவு உதவலாம். கடவுள் நம்பிக்கையோ துறவு விதியோ இல்லாத இன்றைய கலப்பு அமைப்புகளில், குற்றம் கேட்கத் தாமே முன்வரும் மனநிலையை எந்தப் பயிற்சி வளர்க்கும் என்பதும் தெளிவாகவில்லை. மூன்றாவது வினா இவ்விரண்டையும்விடக் கடினமானது: தனியொருவரைத் திருத்த இத்தனை வழிகளை அறிந்த ஒரு சமூகம், தானே ஒட்டுமொத்தமாகத் தவறியிருக்கும்போது அதை இடித்துரைப்பவரை எப்படி நடத்துகிறது? பெஞ்சமின் லே, 1758இன் முடிவைக் கேள்வியுற்று, இனி அமைதியாகச் சாகலாம் என்று கூறியதாகச் சொல்லப்படுகிறது; மறு ஆண்டே அவர் இறந்தார். அப்போதும் அவருடைய உறுப்பினர் தகுதியை யாரும் மீட்டுத் தரவில்லை. அவரை விலக்கிய அபிங்டன் கூட்டத்தினர், அவர் உண்மையின் நண்பரே என்று முறைப்படி ஏற்றுக்கொண்டு, 2018இல் அவருக்கும் மனைவி சாராவுக்கும் தம் இடுகாட்டில் நினைவுக்கல் நாட்டினர். அதற்கு அவர்களுக்கு ஏறத்தாழ 280 ஆண்டுகள் ஆயின.